தூண் வரைந்தால் வேலை கிடைக்குமா? ஓர் அப்பாவுக்குப் பதில்

வணக்கம் சார். மகள் அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்க ஆசைப்படுகிறாள், உங்களுக்கு இரண்டு கவலை என்று எழுதியிருந்தீர்கள். ஒன்று, அது கத்தோலிக்கக் கல்வி நிறுவனம். இன்னொன்று, அங்கே கற்றுத் தருவது பழைய மரபுக் கட்டடக்கலை; ஊரெல்லாம் கண்ணாடிக் கட்டடம் எழும்பும் காலத்தில் கிரேக்கத் தூண் வரையப் படித்துவிட்டு யாரிடம் போய் வேலை கேட்பாள்?

முதல் கவலையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அங்கே என்ன பாடம் எடுத்தாலும் இறையியலும் தத்துவமும் கட்டாயம். விடுதிக்கு விடுதி சிற்றாலயம் உண்டு. அதற்காக மதம் மாறச் சொல்ல மாட்டார்கள். ஆண், பெண் விடுதிகள் தனித்தனி. அது உங்களுக்குப் பிடிக்கும், அவளுக்கு எப்படியோ.

வேலை விஷயத்துக்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். கட்டடக்கலை என்றால் எந்தப் பட்டம் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஆர்க்கிடெக்ட் உரிமம் வாங்க, பெரும்பாலான மாநிலங்களில் என்.ஏ.ஏ.பி. என்ற கட்டடக்கலைக் கல்வி அங்கீகார வாரியம் ஏற்ற தொழிற்பட்டம் தேவை. சிறிய கிறிஸ்தவக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் கிடைப்பது நான்கு வருட பி.ஏ. மட்டும்தான். படிப்பில் குறை இல்லை, ஆனால் அந்த மாநிலங்களில், மேலே எம்.ஆர்க். என்ற முதுகலைப் பட்டம் முடிக்காமல் உரிமத்தின் பக்கம் போக முடியாது, செலவும் கூடும். நோட்டர் டேமில் கிடைப்பது ஐந்து வருட பி.ஆர்க். என்ற இளங்கலைத் தொழிற்பட்டம், அங்கீகாரம் உள்ளது. உரிமத்துக்கு அதோடு 3,740 மணி நேரப் பயிற்சி, ஆறு தேர்வுகள். தூண் வரைந்தவளுக்கும் கண்ணாடி வரைந்தவளுக்கும் அதே தேர்வுதான் சார்.

1989-இல் கட்டடக்கலைஞர் தாமஸ் கார்டன் ஸ்மித் தலைமைப் பொறுப்பேற்ற பிறகுதான் நோட்டர் டேமின் கட்டடக்கலைத் துறை முழுக்க மரபுக் கட்டடக்கலைப் பக்கம் திரும்பியது. மூன்றாம் வருடம் முழுக்க ரோமில். வேலை என்று பார்த்தால் தேவாலயங்கள், கல்லூரி வளாகங்கள், பழைய கட்டடச் சீரமைப்பு, வசதியானவர்களின் வீடுகள். மிச்சிகன் மாநிலத்தின் ஹில்ஸ்டேல் கல்லூரியில் 2019-இல் திறந்த கிறைஸ்ட் சேப்பல் என்ற தேவாலயத்தை வடிவமைத்த டங்கன் ஸ்ட்ரோய்க் இதே துறையின் பேராசிரியர். சந்தை சின்னதுதான், மறைக்கவில்லை. ஆனால் இந்த மரபில் கைதேர்ந்தவர்களும் குறைவு. மற்ற அலுவலகங்களுக்கும் போகலாம். அதற்குக் கணினியில் கட்டடம் வரையும் ரெவிட் மாதிரி மென்பொருள் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். கோடை விடுமுறைப் பயிற்சிகளில் அதைக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

என் கவலை வேறு. அவளுக்குக் கையால் வரையும் பொறுமை இருக்கிறதா? நெடுக இருபது வரிப்பள்ளம் ஓடும் டோரிக் என்ற கிரேக்கப் பாணித் தூணை மை நீரால் தீட்ட வேண்டும் என்று வையுங்கள். தாளை நனைத்துப் பலகையில் இழுத்து ஒட்ட வேண்டும். நீர்த்த மையை ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசி, வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு மெல்ல இறங்க வேண்டும். ஒரு சொட்டு தேங்கினால் கறை, அப்புறம் புதுத் தாள். இரவு இரண்டு மணிக்கு இதை ரசிக்கிற பிள்ளைக்குத்தான் இந்தப் படிப்பு. படங்கள் பிடித்திருப்பதும் வரையப் பிடித்திருப்பதும் வேறு வேறு. இந்த விடுமுறையில் பக்கத்தில் இருக்கும் பழைய நீதிமன்றத்தையோ நூலகத்தையோ அளந்து வரையச் சொல்லுங்கள். பத்து நாளில் உங்களுக்கே புரிந்துவிடும்.

மகள் ஹெச்-4 விசாவில், அதாவது உங்கள் வேலை விசாவைச் சார்ந்த குடும்ப விசாவில், இருக்கிறாள் என்று சொன்னீர்கள். 21 வயதில் அந்த அந்தஸ்து போய்விடும். ஐந்து வருடப் படிப்பு என்பதால் நடுவிலேயே எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரும். ரோம் வருடமும் அதை ஒட்டித்தான் வரும். வெளிநாட்டில் இருக்கும்போது விசா சிக்கலானால் திரும்பி வருவது பெரும்பாடு. சேர்க்கைக் கடிதம் வரும் வரை காத்திருக்காமல் இந்த மாதமே குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். பிறந்த தேதியையும் ரோம் போகும் பருவத்தையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். நிதியுதவிப் படிவங்களை அதற்கு அடுத்து உட்கார்ந்து பார்க்கலாம்.