சட்டம் படிக்க வந்த காரணம் படிப்பின் நடுவே கரைந்துபோகாமல் இருக்க என்ன செய்வது?

எளியவர்களுக்காக வாதாடவே சட்டக் கல்லூரியில் சேர்ந்ததாகவும், மூன்றாம் ஆண்டில் அந்த எண்ணம் மங்கிவருவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இது நேர்ந்தது.

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு சிறு விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்த என் தந்தை, நான் பத்தாம் வகுப்பு படித்தபோது வலது கையில் இரண்டு விரல்களை இழந்தார். பத்துப் பேர்கூட வேலை செய்யாத கூடம் என்பதால் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு கிடையாது. பத்தாயிரம் ரூபாயைக் கொடுத்த முதலாளி, இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்தத் தாள் செல்லுமா என்று கேட்கக்கூட எங்களுக்கு ஆள் இல்லை. நான் சட்டம் படிக்கப் போனது அதனால்தான்.

ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகள், தமிழ் வழியில் படித்தவன் என்ற கூச்சத்தைத் துடைப்பதிலேயே கழிந்தன. பிறகு மூட் கோர்ட்டில், அதாவது மாணவர்கள் வாதாடும் மாதிரி நீதிமன்றப் போட்டியில், ஒரு பரிசு கிடைத்தது. இரண்டு பெருநிறுவனங்களுக்கு இடையிலான நடுவர் மன்றத் தகராறுதான் அதன் பொருள். அன்று கிடைத்த கைதட்டலுக்குப் பின் ஓராண்டுக்கு எனக்குத் தறிக்கூடம் நினைவில் இல்லை. என்னை யாரும் கெடுக்கவில்லை, எனக்குத் திறமையாக வந்ததை என் விருப்பம் என்று நானே எண்ணிக்கொண்டேன் என்பது இப்போது புரிகிறது.

நான்காம் ஆண்டில் தொழிலாளர் சட்டத் தாளுக்காக, அப்போது நடப்பிலிருந்த 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தைப் படித்தேன். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி செய்துகொள்ளும் ஒப்பந்தம் செல்லாது என்றது அதன் 17 ஆம் பிரிவு. விபத்து நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும் என்றது 10 ஆம் பிரிவு. தந்தை கையெழுத்திட்ட தாளுக்கு எந்த மதிப்பும் இருந்ததில்லை. ஆனால் அது வெற்றுத்தாள் என்று தெரியாமலே எங்கள் இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. போதிய காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க, இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் ஆணையருக்கு அதிகாரம் உண்டு என்று தந்தையிடம் சொல்லிப் பார்த்தேன். அதற்குள் கூடம் கைமாறியிருந்தது, தந்தையும் வேண்டாம் என்றுவிட்டார்.

அதற்குப் பிறகு, பார் கவுன்சில் விதிப்படி ஐந்தாண்டு மாணவர் முடிக்க வேண்டிய 20 வார இன்டர்ன்ஷிப்பில் எஞ்சியதை, தொழிலாளர் வழக்குகள் நடத்தும் ஒரு சீனியரிடம் செய்தேன். அங்கே நான் கற்றது வாதத் திறமையை அல்ல. சம்பளச் சீட்டே இல்லாதவரின் மாத ஊதியத்தை எதைக் கொண்டு நிரூபிப்பது, ஊனத்தின் அளவுக்கு எந்த மருத்துவரிடம் சான்று பெறுவது, வாய்தாவுக்கு வர ஒரு நாள் கூலியை இழக்கும் கட்சிக்காரரைத் தேவையின்றி அலைக்கழிக்காமல் இருப்பது எப்படி என்பவற்றைத்தான். ஆகவே, உங்கள் எண்ணத்தை எண்ணமாகவே வைத்துக் காக்க முயலாதீர்கள். அதற்கு எந்தச் சட்டம், எந்த அலுவலகம், எந்தப் படிவம் என்று தேடிப் போங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேர மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதை, அது தேவைப்படுபவரிடம் நேரில் சொல்லிப் பாருங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீனியரிடம் வேலை கற்கும் ஜூனியர் வழக்கறிஞருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பேருந்துச் செலவுக்கும் மதிய உணவுக்குமே சரியாக இருக்கும். கல்விக் கடன் உள்ள நண்பர்கள் நிறுவன வேலைக்குப் போனதை நான் ஒருநாளும் இளக்காரமாகப் பேசியதில்லை. எனக்குக் கடன் இல்லாதது ஒரு தற்செயல், அவ்வளவுதான்.

வழக்கறிஞராகப் பதிவு செய்த ஆண்டில் நான் முதன்முதலாக எழுதிய மனு, விரல் இழந்த இன்னொரு தறித் தொழிலாளிக்கானது. சேலத்தில் தாக்கல் செய்வதற்கு முந்தைய இரவு அதைத் தந்தையிடம் படித்துக் காட்டினேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. விபத்துத் தேதியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொல்லி, மீதமிருந்த மூன்று விரல்களால் மாதங்களை எண்ணிப் பார்த்தார்.