சின்ன வயதில் இருதய ஒப்பரேசன் செய்தவருக்கு 28 வயதில் படபடப்பும் கால் வீக்கமும் ஏன் வருகிறது?

ஓட்டையை அடைத்ததோடு வருத்தம் முடிந்துவிட்டது என்று கிளினிக்கை விட்டுவிடுபவர்கள் வன்னியில் நிறையப் பேர். ஃபலோ டெட்ராலஜி என்ற நீலக் குழந்தை நோயை எடுங்கள். ஒப்பரேசனில் நுரையீரலுக்குப் போகும் ஒடுங்கிய வால்வை விரிப்பதால் அது பிறகு ஒழுகும். ஆண்டுக்கணக்கில் இரத்தம் திரும்பி வர வலது கீழறை பெருத்துத் தளரும், கால் வீங்கும். வெட்டித் தைத்த தழும்பைச் சுற்றி மின்னோட்டம் வட்டமடித்தால் படபடப்பு. ஒன்று மற்றதை மோசமாக்கும்: வேகமாக ஓடும் இருதயம் களைக்கும், களைத்த இருதயம் தாளம் தவறும்.

படபடப்பு நிற்கும் முன் ஈசிஜி எடுப்பதுதான் முக்கியம். நின்றபின் எடுத்தால் பல நேரம் ஒன்றும் தெரியாது. கிளிநொச்சியோ முல்லைத்தீவோ, கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், அதன் பிரதியைப் பழைய ஒப்பரேசன் துண்டோடு வைத்திருங்கள். மயக்கம், நெஞ்சுநோ, கடும் மூச்சிளைப்பு என்றால் மோட்டார் சைக்கிளில் ஏற்றாதீர்கள்; 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

காலையில் சலம் கழித்தபின் நிறை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது நீர். கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். கருவாட்டைக் குறையுங்கள். வயல் வேலை நாரிநோவுக்கு டைக்குளோஃபெனாக் என்ற நோக்குளிசை போடக்கூடாது, உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். நீரை வெளியேற்றி பொட்டாசியத்தைத் தேக்கும் ஸ்பைரோனோலக்டோன் குளிசை குடிப்பவர் இளநீரை அளவில்லாமல் குடித்தால் பொட்டாசியம் ஏறி, தாளமே குழம்பலாம்.