கால் நழுவுகிறது என்றால் டிக்கெட் பிறகு

கேள்வி: எனக்கு 38 வயது. கடந்த பெப்ரவரியில் சுவிஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோது, அத்தானோடு பனிச்சறுக்குப் பழகப் போய் விழுந்துவிட்டேன். பின்னுக்குச் சாய்ந்து, எழும்பப் பார்த்த நேரம் வலது முழங்காலில் 'டொக்' என்றது. இரண்டு மணித்தியாலத்தில் நன்றாக வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். இப்போது நடக்கிறேன், சனிக்கிழமைகளில் பட்மின்டனும் விளையாடுகிறேன். மடக்கும்போது சத்தம் வருகிறது, மழைக்குக் குடைகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு மூட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று இணையத்தில் படித்தேன். கொலாஜன் பவுடர் நல்லதா? எந்த நீ கார்ட் (முழங்கால் உறை) வாங்கலாம்? வருகிற பெப்ரவரிக்கு டிக்கெட் போடச் சொல்லி அக்கா நிற்கிறா. இடையில் கால் இரண்டு தடவை நழுவியது, ஒன்று பஸ்ஸால் இறங்கும்போது. மற்றப்படி பிரச்சினை இல்லை. பிரஷருக்கு லோசார்டன் எடுக்கிறேன்; விளையாடும் நாளில் மட்டும் வோல்டரன் வலி மாத்திரை போடுவேன். ஆபரேஷன் இல்லாமல் சமாளிக்க வழி சொல்லுங்கள். (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: வைத்தியரிடம் காட்டினால் கத்தி வைக்கச் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான் உங்களை இத்தனை மாதமாகப் பாமசிக்கும் இணையத்துக்கும் இடையில் அலைய வைத்திருக்கிறது. ஆகவே அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முழங்காலில் எலும்புகளைப் பிணைக்கும் நார் (லிகமென்ட்) அறுந்த எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. சுவீடனில் இளவயதினர் 121 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆரம்பத்திலேயே ஆபரேஷனும், மற்றப் பிரிவுக்கு முதலில் பயிற்சி மட்டும், கட்டாயம் வந்தால் பிறகு ஆபரேஷன் என்றும் செய்து பார்த்தார்கள். முதல் முடிவு 2010இல் வெளிவந்தது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் பயிற்சிப் பிரிவில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஆபரேஷனே செய்யாமல் இருந்தார்கள். இரண்டு பிரிவினரின் முழங்காலிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

சந்தோஷப்படுவதற்கு முன் மற்றப் பாதியையும் பாருங்கள். அவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்பட்டதன் முக்கிய காரணம், கால் நழுவிக்கொண்டே இருந்ததுதான். நீங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதிய அதே விஷயம்.

'டொக்' சத்தம், இரண்டு மணித்தியாலத்துக்குள் வீக்கம், பிறகு கால் நழுவுதல். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், வேறு விதமாக நிரூபணமாகும் வரைக்கும் ஏ.சி.எல். என்ற நார் அறுந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அவ்வளவு வேகமாக வீங்குகிறது என்றால் மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், நார் தெரியாது. முறிவு இல்லை என்று அங்கே சொன்னது சரி. அதைக் காயமே இல்லை என்று நீங்கள் எடுத்துக்கொண்டதுதான் பிழை.

மூட்டுக்குள் குறுக்காக ஓடும் இந்த நார், கீழ்க்கால் எலும்பு முன்னுக்கு நழுவாமலும் திருகாமலும் பிடித்து வைத்திருக்கிறது. நேர் ரோட்டில் நடக்க அது அவ்வளவாகத் தேவைப்படாது; ஆகவே நன்றாக நடக்கிறேன் என்பதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. நீங்கள் பஸ்ஸால் இறங்கிய அந்தக் கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலி வீதியில் பஸ் முழுதாக நிற்பதற்கு முன்பே வலது காலை ரோட்டில் ஊன்றியிருப்பீர்கள். இடதுபக்கத்தால் மோட்டார் சைக்கிள் ஏதும் நுழைந்து வருகிறதா என்று உடம்பைத் திருப்பியிருப்பீர்கள். பாதம் ஊன்றியபடி நிற்க, உடம்பு மட்டும் திரும்புகிறது. நார் இருந்தால் தாங்கும். இல்லாவிட்டால் மேலெலும்பு ஒரு கணம் கீழெலும்பின் மேல் வழுக்கித் திரும்பவும் வந்து உட்காரும். அப்போது இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு நசிவது சவ்வு, மெனிஸ்கஸ் என்பார்கள். ஒவ்வொரு நழுவலும் அதை இன்னும் கொஞ்சம் கிழிக்கலாம். மூட்டுத் தேய்மானம் பற்றிப் படித்துப் பயந்தீர்களே, அதற்கு முக்கியமான வழியைத் திறந்துவிடுவது இந்தச் சவ்வுக் கிழிசல்தான். இணையம் சொன்னதில் அரைவாசி உண்மை. மீதி அரைவாசி உங்கள் கையில் இருக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். எலும்பு வைத்திய நிபுணர் ஒருவரிடம், தனியாரிலோ அரசாங்க கிளினிக்கிலோ, போய்க் காலைக் காட்டுங்கள். உங்களைப் படுக்கவைத்து, முழங்காலைச் சற்று மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கீழ்க்காலை முன்னுக்கு இழுத்துப் பார்ப்பார். நல்ல காலில் அந்த இழுவை 'டக்' என்று ஓரிடத்தில் நின்றுவிடும், நார் அறுந்த காலில் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். எம்.ஆர்.ஐ. அதற்குப் பிறகு, சவ்வின் நிலையை அறிய. ஸ்கேனை முதலில் எடுத்து, ரிப்போர்ட்டை நீங்களே வாசித்து, இரவு முழுக்க விழித்திருக்க வேண்டாம். இடையில் எப்போதாவது மடங்கிய கால் நிமிராமல் இறுகிப்போனால் மட்டும் தவணைக்குக் காத்திராமல் அன்றைக்கே போங்கள். கிழிந்த சவ்வு மூட்டுக்குள் சிக்கியிருக்கலாம்.

சரி, மற்றக் கேள்விகள். வலியும் வீக்கமும் இல்லாத சத்தம் ஒன்றும் செய்யாது, என் முழங்காலிலும் வருகிறது. மழைக்குக் குடைவது தொல்லைதான், ஆபத்து இல்லை. கொலாஜன் பவுடர் அறுந்த நாரை ஒட்டாது. அந்தக் காசுக்கு மீன் வாங்கிச் சாப்பிடுங்கள். பாமசியில் விற்கும் இழுபடும் நீ கார்ட் சூடாக இருக்கும், காலில் ஏதோ பிடித்திருக்கிற மாதிரி ஒரு தைரியமும் தரும். திருகலைத் தடுக்காது. அதைப் போட்டுக்கொண்டு துணிச்சலாக விளையாடுவதைவிடப் போடாமல் இருப்பதே நல்லது.

வோல்டரன் விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. ஆட்டத்துக்கு முன்பே வலியையும் வீக்கத்தையும் மருந்தால் அமுக்கிவிட்டால், இன்றைக்கு விளையாடியது கூடிப்போனதா என்று முழங்கால் உங்களுக்கு எப்படிச் சொல்லும்? அதோடு லோசார்டனும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் பாரம், பிரஷரும் ஏறும். கொழும்பில் காய்ச்சல் வந்தால் டெங்குவோ என்று யோசிக்க வேண்டிய நிலையில், வோல்டரன் வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே வில்லங்கம். டெங்குவில் அது இரத்தக் கசிவைக் கூட்டும். நிறுத்துங்கள். பட்மின்டனையும் சோதித்து முடியும் வரை நிறுத்துங்கள். பாய்ந்து, நின்று, திரும்பும் ஆட்டம் அது.

இனிப் பனிச்சறுக்கு. நீங்கள் விழுந்த விதம் அந்த விளையாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. பின்னுக்குச் சாய்ந்து, இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய், பாரம் சரிவின் கீழ்ப்பக்கத்துக் காலில் கட்டிய பலகையின் வால்முனையில் விழும்போது, அந்த நீளப் பலகை நெம்புகோலாகி முழங்காலைத் திருகுகிறது. காலணியைப் பலகையோடு பூட்டும் பைண்டிங் அந்த நேரம் கழன்றிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். பைண்டிங் கால் எலும்பைக் காப்பாற்றச் செய்யப்பட்டது. 1970களுக்குப் பிறகு கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிவது வெகுவாகக் குறைந்தது அதனால்தான். முழங்கால் நாரை அதே மாதிரி அதால் காப்பாற்ற முடியவில்லை. அப்படியிருந்தும் அதைச் சரியாக வைப்பது முக்கியம். வாடகைக் கடையில் நிறை, உயரம், வயது கேட்பார்கள். அத்தானுக்கு முன்னால் வெட்கப்பட்டு நிறையைக் கூட்டிக் குறைத்துச் சொல்லாதீர்கள், நல்லாப் பழகியவர் என்றும் சொல்லாதீர்கள். விழுந்தால், சறுக்கி நிற்கும் வரை எழும்பப் பார்க்காதீர்கள். போன தடவை நார் போனது பெரும்பாலும் அந்த எழும்பலில்தான்.

வருகிற பெப்ரவரியில் பனியில் ஏறலாமா? நார் அறுந்திருந்தால் இல்லை என்றே சொல்வேன். இப்போதே ஆபரேஷன் செய்தாலும், திருகல் உள்ள விளையாட்டுக்குக் குறைந்தது ஒன்பது மாதம் பொறுக்க வேண்டும். அதற்கு முன் போனவர்களுக்குத் திரும்பவும் அறுவது அதிகம். பயிற்சி மட்டும் என்று முடிவானால், பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் கண்பார்வையில் சில மாதம் ஒழுங்காகச் செய்ய வேண்டும். நாட்காட்டியைப் பார்த்து யாரும் அனுமதி தர மாட்டார்கள். வலது தொடையின் பலம் இடதின் பலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறாவது வர வேண்டும். ஒற்றைக் காலில் பாய்ந்து இறங்கும் தூரமும் அப்படியே.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். பிளாட் மாடிப்படியில் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு வலது காலில் மட்டும் நின்று, இடது குதிக்காலைக் கீழ்ப்படிக்கு மெல்ல இறக்குங்கள். வலது முழங்கால் உள்பக்கம் சரிகிறதா, நடுங்குகிறதா? அப்படியானால் பனியைப் பற்றிப் பேச இன்னும் நேரம் இருக்கிறது. இறக்கும்போது கால் நழுவப் பார்த்தால் அதோடு நிறுத்திவிடுங்கள், திரும்பச் செய்து பார்க்க வேண்டாம்.

பரிசோதனையில் நார் அறவில்லை, பக்கவாட்டு நார் மட்டும் இழுபட்டது என்று தெரிந்தால் கதை வேறு. அது பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே ஆறும், பெப்ரவரியும் நடக்கலாம். ஆனால் கால் நழுவுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் நான் அந்தப் பக்கம் பந்தயம் கட்ட மாட்டேன். அக்காவிடம் டிக்கெட்டை நிபுணரைப் பார்த்த பிறகு போடுவோம் என்று சொல்லுங்கள். அப்படியும் அவ விடாவிட்டால், போங்கள், பனியில் நடந்து பாருங்கள், பலகையை அத்தான் மட்டும் கட்டட்டும்.