பதில்: ஹார்மோன் போட்டா கொலஸ்ட்ரால் மாத்திரைய நிறுத்தலாமா?

ஆச்சி, தயவுசெஞ்சு ஸ்டாட்டின, அதான் அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரைய, நீங்களா நிறுத்திராதீங்க. மாதவிடாய் நின்னு ரெண்டு வருஷம், உடம்பு திடீர்னு கொதிக்கிறதுக்கு ஹார்மோன் மாத்திரை ஆரம்பிச்சதும் எல்டிஎல்ங்கிற கெட்ட கொலஸ்ட்ரால் கொறஞ்சிருச்சுன்னு எழுதியிருக்கீங்க, உண்மைதான், வாயில போடுற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் எல்டிஎல்ல கொறைக்கும், ஹெச்டிஎல்ங்கிற நல்ல கொலஸ்ட்ரால ஏத்தும், ஆனா ட்ரைகிளிசரைடுங்கிற ரத்தக் கொழுப்பையும் சேத்து ஏத்திவிடும், உங்களுக்கு அது ஏற்கனவே 260ன்னு சொல்றீங்களே அதான் எனக்குப் பயமா இருக்கு. தோல்ல ஒட்டுற ஹார்மோன் பேட்ச்ல அந்த ஏத்தம் பெருசா இருக்காது, டாக்டர்கிட்ட கேளுங்க. முன்னாடி இந்த ஹார்மோன் சிகிச்சை இதயத்தக் காப்பாத்தும்னுதான் நெனச்சாங்க, 2002ல வந்த பெரிய அமெரிக்க ஆய்வுல ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின்ங்கிற இன்னொரு ஹார்மோனும் சேத்துப் போட்டவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டு கூடுதலா வந்துச்சு. காரைக்குடியிலயே வெறும் வயித்துல லிப்பிட் டெஸ்ட், அதான் ரத்தக் கொழுப்புச் சோதனை, எடுத்து ஹார்மோன் குடுத்த டாக்டர், கொலஸ்ட்ரால் டாக்டர் ரெண்டு பேருக்கும் காட்டுங்க. விசேஷ வீட்டுக் கந்தரப்பமும் சீயமும் அதுவரைக்கும் வேணாமே ஆச்சி.