மீக்கடத்தி பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

யாழ்ப்பாணத்து உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். மிகக் குளிரவைத்தால் மின்தடை முற்றாக மறையும் சில பொருள்களே மீக்கடத்திகள். அவை பற்றி வந்த கேள்விகளில் சில:

நெல்லியடி மாணவி: சேர், தடை பூச்சியமானால் மீக்கடத்திதானே?

இல்லைப் பிள்ளை. இதைத் திருத்தித் திருத்தியே என் சிவப்புப் பேனை முடிந்தது. 1933இல் மைஸ்னரும் ஒக்சன்பெல்டும் கண்டது, மீக்கடத்தி குளிரும்போது உள்ளே இருந்த காந்தப்புலத்தையும் வெளியே தள்ளிவிடும் என்பதை. தடையில்லாத வெறும் கடத்தி இருந்த புலத்தை அப்படியே வைத்திருக்கும்.

சாவகச்சேரி வாசகர்: கொரியாவில் அறை வெப்பநிலை மீக்கடத்தி கண்டுபிடித்தார்களாமே?

2023இல் பேசப்பட்ட எல்கே-99 என்ற பொருள்தானே? அதில் கலந்திருந்த செம்புச் சல்பைட்டு மாசு காட்டிய வேடிக்கை அது. மறந்துவிடுங்கள்.

கோப்பாய் வாசகர்: 1911இல் கண்டதற்கு விளக்கம் சொல்ல ஏன் 1957 வரை போனது?

இது கேள்வி! ஒன்றையொன்று தள்ளும் இலத்திரன்கள் எப்படிச் சேரும்? ஐன்ஸ்டைன், ஹைசன்பேர்க், பெயின்மன் எல்லாரும் முட்டிப் பார்த்த சுவர் இது. 1950இல் ஒரு துப்புக் கிடைத்தது: இரசத்தின் பாரமான சமதானியை (அதே மூலகத்தின், கருவின் பாரம் கூடிய அணுக்களை) எடுத்தால், அது மீக்கடத்தியாகும் வெப்பநிலை சற்றுக் குறைகிறது. இலத்திரன் மட்டுமே காரணமென்றால் கருவின் பாரம் ஏன் குறுக்கே வரவேண்டும்? ஆக, சாலகத்துக்கும், அதாவது அயன்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கும் கட்டமைப்புக்கும், பங்குண்டு. இலத்திரன் கடக்கும்போது நேர் அயன்கள் அதன் பக்கம் சற்றே நெருங்கும். பாரமானவை, உடனே திரும்பமாட்டா. அந்த நேரேற்ற நெருக்கத்துக்கு இன்னோர் இலத்திரன் இழுபடும். 1956இல் இந்தச் சோடியைக் கூப்பர் காட்டினார். மறுவருடம் பார்டீன், ஷ்ரீபருடன் சேர்ந்து முழுக் கோட்பாடும் வந்தது. சோடியைப் பிரிக்கச் சக்தி வேண்டும், அந்தக் குளிரில் அது கிடைக்காது. அதனால் சோடிகள் சிதறாமல் ஓடுகின்றன.

பருத்தித்துறை வாசகர்: எல்கே-99 பற்றி...

மேலே பாருங்கள் தம்பி.

கொக்குவில் அண்ணை: 1911இல் மீக்கடத்தலைக் கண்டவர் என்று கமர்லிங் ஒன்னெஸின் பேரையே எல்லாரும் சொல்லுகிறீர்கள். நெதர்லாந்தின் லைடனில் இரசத்தின் தடையை அளந்தது ஹோல்ஸ்ட் அல்லவா? பொடியன் வேலை செய்ய, பெரியவருக்குப் பேர்!

அண்ணை சொல்வதில் பாதி சரி. 4.2 கெல்வின் அளவில் தடை மறைந்ததை அளந்த குழுவில் ஹோல்ஸ்ட் முக்கியமானவர். கட்டுரையிலோ ஒன்னெஸின் பேர் மட்டும். ஆனால் 1908இல் ஈலியத்தைத் திரவமாக்கியவர் அவர்தானே. அந்தக் குளிர் இல்லாமல் எதை அளப்பது?

கொக்குவில் அண்ணை: அப்ப நோபல்?

1913 பரிசுரை பேர் சொல்லிக் குறிப்பிடுவது திரவ ஈலியத்தைத்தான், மீக்கடத்தியை அல்ல.

கொக்குவில் அண்ணை: பார்த்தீர்களா, பரிசுக்குழுவுக்கே தெரிந்திருக்கிறது!

அதற்கு அது அர்த்தமில்லை அண்ணை. சரி, அடுத்தவர். எல்கே-99 என்றால் வேண்டாம்.