ஆணுறை கேட்டால் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சில மாதங்களாக ஒருவரோடு உறவில் இருக்கிறேன். நான் கருத்தடை மாத்திரை எடுக்க ஆரம்பித்ததும், "இனி ஆணுறை எதற்கு, என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்கிறார். அவருக்கு முன்பு வேறு உறவு இருந்தது. பார்க்க ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார். எச்.ஐ.வி. வந்துவிடுமோ என்று நான் பயப்படுவது அதிகப்படியா?

பதில்: இல்லை, நியாயமான கவலைதான். மாத்திரை கருவைத் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. கர்ப்ப பயம் போனதும் ஆணுறையையும் விட்டுவிடுவது நிறையப் பேர் செய்கிற தவறு.

அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. எச்.ஐ.வி. தொற்றிய பிறகு பல வருடங்கள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். அவருக்கே தெரியாத ஒன்றை அவர் எப்படி உங்களிடம் சொல்வார்? அதனால் இது நம்பிக்கை பற்றிய கேள்வியே அல்ல, இரத்தப் பரிசோதனையில் தெரிய வேண்டிய விஷயம். ஆணுக்கும் பெண்ணுக்குமான உறவில், ஒருமுறைக்கான தொற்று வாய்ப்பு பொதுவாகப் பெண்ணுக்கே கூடுதல் என்பதையும் மனதில் வையுங்கள்.

இருவரும் சேர்ந்தே போய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொற்றிய உடனே பரிசோதனையில் தெரியாது. ஆய்வகத்தில் நரம்பிலிருந்து இரத்தம் எடுத்துச் செய்யும் புதிய வகைப் பரிசோதனைக்கு 45 நாட்கள் வரையும், விரல் நுனியில் குத்திச் செய்யும் துரிதப் பரிசோதனைக்கு 90 நாட்கள் வரையும் இடைவெளி தேவைப்படலாம். அதுவரை ஆணுறை கட்டாயம். அப்படியே உடலுறவால் பரவும் மற்ற நோய்களான கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ் பரிசோதனைகளையும் கேளுங்கள். கிளமிடியா பெண்களுக்குப் பெரும்பாலும் சத்தமில்லாமல் இருந்து, சிகிச்சை எடுக்காவிட்டால் கருக்குழாயைக் கெடுத்துவிடலாம்.

ஆணுறை கிழிவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் அதைத் தவறாகக் கையாள்வதுதான். உறையைப் பல்லால் கடித்துப் பிரிக்காதீர்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றிவிட்டு, அடிவரை உருட்டி இறக்க வேண்டும். லேடெக்ஸ் ஆணுறையோடு எண்ணெய், வாசலின் கூடவே கூடாது, நீர் அல்லது சிலிக்கான் சார்ந்த வழுவழுப்பு ஜெல் போதும். "இரட்டைப் பாதுகாப்பு" என்று இரண்டைப் போட்டால் உரசிக் கிழியும். அவர் கொண்டுவருவார் என்று காத்திருக்காமல் உங்கள் பையிலேயே வைத்திருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் கட்டுப்பாட்டிலேயே இருக்கட்டும் என்றால் பெண்ணுறையும் உண்டு, ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தாதீர்கள்.

ஆணுறை கிழிந்துவிட்டால், அல்லது போடாமல் உறவு நடந்துவிட்டால், விடியட்டும் என்று தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாட்கள் விடாமல் எடுக்க வேண்டும்.

யாருக்காவது எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று வந்தால்? வாழ்க்கை அதோடு முடிந்துவிடாது. தினசரி சிகிச்சையால் கிருமி அளவு பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாக மற்றவருக்குப் பரவாது.

சரி, எவ்வளவு சொல்லியும் அவர் மறுத்தால்? வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அப்படிச் சொல்லவே பயமாக இருந்தால், தனியாக ஒரு மருத்துவரைப் பாருங்கள். எச்.ஐ.வி. தொற்று வருமுன் தடுக்க ப்ரெப் என்ற தினசரி மாத்திரை இருக்கிறது, அதை எடுக்க அவர் சம்மதம் தேவையில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் போடுகிற ஊசிகளும் வந்துவிட்டன.