நிலாவில் ஒரு பட்டிமன்றம்

கேள்வி: நண்பர்கள் ஆறேழு பேர் சேர்ந்து 'பிளானட்டெஸ்' என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்த்து முடித்தோம். விண்வெளியில் சத்தம் கேட்காது என்பதுவரை கவனித்து எடுத்திருக்கிறார்கள். அவ்வளவு யதார்த்தமான தொடரில் டனாபே என்ற பெண் மட்டும் எதற்கெடுத்தாலும் 'அன்பு, அன்பு' என்கிறாள். கடைசியில் நிலாவில் ஆக்சிஜன் தீரும் நேரத்திலும் காயம்பட்ட தீவிரவாதி ஒருத்தியை விடாமல் இழுத்துக்கொண்டு நடக்கிறாள். விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று பாதிப் பேர், செய்ததுதான் சரி என்று மீதிப் பேர். சண்டை ஓயவில்லை. தீர்ப்பு சொல்லுங்கள் ஐயா. முடிந்தால் நேரில் வந்து நடுவராகவும் இருக்க வேண்டும்.
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: 'யதார்த்தமான' என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அங்கேயே நான் நின்றுவிட்டேன். நம் பக்கத்தில் ஒருவர் 'யதார்த்தமாப் பேசுவோமே' என்று தொண்டையைக் கனைத்தால் என் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கும். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளையின் சித்தப்பா யதார்த்தமாகப் பேசினால் ஐந்து பவுன் கூடும். மனைத் தரகர் யதார்த்தமாகப் பேசினால் போன போகம்வரை நெல் விளைந்த வயலில் மஞ்சள் கல் முளைக்கும். எங்கள் அலுவலகத்துக்கு வெள்ளையடிக்க வந்தவர் இரண்டு கோட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஒரு கோட் அடித்தார். கேட்டால், 'யதார்த்தமாப் பாருங்க சார், ரெண்டு அடிச்சாலும் ஐப்பசி மழைக்குப் போயிடும்' என்றார். பொய் சொன்னார் என்று குறை சொல்ல முடியாது, போய்விட்டது. கும்பகோணத்தில் டிகிரி காபி என்று பித்தளை டபராவைப் படம் போட்டு மாட்டியிருக்கும் ஒரு கடையில் பாலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டேன். 'இந்த வெலைக்கு யதார்த்தமா வேற என்ன சார் கெடைக்கும்?' என்று திருப்பிக் கேட்டார்கள். டிகிரி பாஸான பாலா, அரியர் வைத்த பாலா என்று நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. இந்த யதார்த்தத்துக்கெல்லாம் பணம் கட்டுகிறவர் யார் என்று மட்டும் பாருங்கள். ஒரு தடவைகூட அதைப் பேசுகிறவராக இருக்க மாட்டார்.

இதற்குள் பாபநாசத்துப் பெரியவர் அஞ்சலட்டையை எடுத்திருப்பார். 'பொம்மைப் படத்துக்கெல்லாம் பத்திரிகையில் பக்கமா?' என்று அவர் எழுதாத வருஷம் கிடையாது. மெலட்டூர் பாகவத மேளாவில் மீசையை மழித்த ஓர் ஆண் லீலாவதியாக வந்து பிரகலாதனுக்காக அழும்போது, விடிய விடிய உட்கார்ந்து கூடவே கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர் அவர். ஆண் பெண்ணாகலாம், கோடு போட்டு வரைந்த பெண் மட்டும் பெண்ணாகக் கூடாதாம். சரி, அவருக்கு அடுத்த இதழில்.

தொடரைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சொல்லப்போகிறேன், அது வேண்டாதவர்கள் சமையல் பக்கத்துக்குப் போய்விடலாம். மகோட்டோ யுகிமுரா வரைந்த காமிக்ஸை கோரோ தனிகுச்சி 2003-ல் 26 பகுதித் தொடராக எடுத்தார். கதை நடப்பது 2075-ல். நாயகர்கள் குப்பை அள்ளுகிறவர்கள். பூமியைச் சுற்றும் செத்துப்போன செயற்கைக்கோள், ராக்கெட் துண்டு, திருகாணி இவற்றையெல்லாம் ஒரு பழைய கப்பலில் போய்ப் பிடிப்பதுதான் வேலை. நிறுவனத்தில் லாபம் தராத பிரிவு என்பதால் மற்றவர்களுக்கு அவர்கள் கேலிப்பொருள். இதில் ஒரு திருகாணிதான் சில ஆண்டுகளுக்கு முன்னால் பயணிகள் விண்கலத்தின் ஜன்னலைத் துளைத்து யூரி என்பவரின் மனைவியைக் கொன்றது. அதே யூரி இப்போது அந்தக் குப்பைக் கப்பலில் வேலை பார்க்கிறார்.

திருகாணி ஆளைக் கொல்லுமா என்றால் கொல்லும். தாழ்ந்த சுற்றுப்பாதையில் எந்தப் பொருளும் விநாடிக்கு 7, 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 1983-ல் சேலஞ்சர் விண்கலத்தின் ஜன்னலில் பள்ளம் விழுந்தது, காரணம் ஒரு பெயின்ட் செதில். உடைந்த துண்டு இன்னொன்றை உடைத்து, அது வேறொன்றை உடைத்து, கடைசியில் யாரும் மேலே போகவே முடியாதபடி ஆகலாம் என்று டொனால்ட் கெஸ்லர் 1978-லேயே இன்னொரு விஞ்ஞானியோடு சேர்ந்து கணக்குப் போட்டு எழுதினார். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் இரிடியம் செயற்கைக்கோளும் செயலிழந்த ரஷ்யச் செயற்கைக்கோள் ஒன்றும் சைபீரியாவுக்கு மேலே மோதிச் சிதறின. நாமும் சும்மா இல்லை. 2019 மார்ச்சில் நம் செயற்கைக்கோளை நாமே ஏவுகணையால் அடித்தோம். உயரம் 300 கிலோமீட்டர் அளவில் இருந்ததால் பெரும்பாலான துண்டுகள் சீக்கிரம் விழுந்து எரிந்தன. 2007-ல் சீனா இதையே 800 கிலோமீட்டருக்கு மேலே செய்தது, அந்தத் துண்டுகளில் ஏராளமானவை இன்னும் சுற்றுகின்றன. 2023-ல் ஆஸ்திரேலியக் கடற்கரை ஒன்றில் பெரிய உருளை ஒதுங்கி, ஊரே அண்ணாந்து பார்த்ததே, அது நம் பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் அடுக்கு. 2030-க்குள் குப்பை வைக்காமல் ராக்கெட் விடுவோம் என்று இஸ்ரோ சொல்லியிருக்கிறது. செய்தால் மகிழ்ச்சி.

இப்போது என் பழைய பல்லவிக்கு வருகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கிறது என்றால், மே மாதம் முழுக்கத் தூங்கிவிட்டுத் தண்ணீர் கல்லணையைத் தாண்டும்போது பொக்லைனை இறக்குகிறார்களே, அந்தத் தூர்வாரலைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதாத ஆண்டு இல்லை. வாய்க்காலில் ஒரு பை குப்பையைப் போடுகிறவர், 'என் ஒரு பையாலயா அடைக்கப் போகுது?' என்பார். அவரவர் ஒரு பையும் ஆகாயத்தாமரையும் சேர்ந்து மதகில் முட்டி நிற்கும். கடைமடையில் வேதாரண்யம் பக்கத்து விவசாயி வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மேலே திருகாணியை விட்டுவிட்டு வந்தவனும் இதையேதான் சொல்லியிருப்பான். இதைத்தான் உங்கள் நண்பர்கள் பாதிப் பேர் யதார்த்தம் என்கிறார்கள். டனாபே சொல்வது அசட்டுத்தனமாம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதல் பத்துப் பகுதிகளில் அந்தப் பெண்ணை எனக்கும் தாங்கவில்லை. 'அன்பே இல்லை' என்று எல்லோரையும் திட்டுவாள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கே உரிய வேகம். அதற்கு நேர் எதிர் கப்பலின் கேப்டன் ஃபீ. அவருக்குக் கொள்கை கிடையாது, சிகரெட் உண்டு. புகைபிடிப்பதற்கென்று ஒதுக்கிய அறைகளாகப் பார்த்துத் தீவிரவாதிகள் குண்டு வைக்க, போகிற இடத்திலெல்லாம் அவரால் ஒன்றைப் பற்றவைக்க முடியாமல் போகிறது. கடைசியில் ஆத்திரம் தாங்காமல், அவர்கள் மோதவிட்ட செயற்கைக்கோளின் மேல் கப்பலையே கொண்டுபோய் இடித்து நிறுத்துகிறார். கெஸ்லர் பயந்த அந்தச் சங்கிலி அன்று அறுந்தது ஒரு தம்முக்காக. இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். வெற்றிலைச் செல்லம் கிடைக்காத என் பெரியப்பாவுக்கு அந்தக் கப்பலைக் கொடுத்திருந்தால் செவ்வாயையும் இடித்திருப்பார். (புகைபிடித்தல் உடல்நலத்துக்குக் கேடு. போட்டுவிட்டேன், கடிதம் எழுத வேண்டாம்.)

நிலாவுக்கு வருவோம். கிளேர் ஏழை நாட்டில் பிறந்து, படித்து மேலே வந்து, அதே நிறுவனத்தில் ஒதுக்கப்பட்டு, கடைசியில் தீவிரவாதிகளோடு சேர்ந்தவள். நடக்க முடியாமல் கிடக்கிறாள். 'என்னை விட்டுவிட்டுப் போ' என்று அவளே சொல்கிறாள். டனாபேயின் காற்று தீர்ந்துகொண்டே வருகிறது. இந்த இடத்தை உங்கள் இரண்டு அணியுமே சரியாகப் பார்க்கவில்லை என்று சந்தேகப்படுகிறேன். டனாபேக்குச் சபலம் வருகிறது. கிளேரிடம் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டால் தான் பிழைக்கலாம் என்று தோன்றுகிறது. அதற்குமேல் காட்டாமல் அந்தப் பகுதியை வெட்டிவிடுகிறார்கள். அவள் எடுக்கவில்லை என்பது நமக்குப் பிறகுதான் தெரிகிறது. கிளேர் பிழைக்கிறாள். டனாபேயும் பிழைக்கிறாள், ஆனால் காற்றுக் குறைவால் நரம்பு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, நடப்பதை முதலிலிருந்து பழகுகிறாள். அன்பு சொன்னவளுக்குப் பூமாரி பொழியவில்லை. பில் வந்தது, தன் உடம்பாலேயே கட்டினாள். மேலே சொன்ன சித்தப்பா, தரகர், காபிக்கடைக்காரர் யாரும் செய்யாத காரியம். அதனால்தான் அந்தத் தொடரிலேயே யதார்த்தமான காட்சி அதுதான் என்கிறேன்.

எனக்கு இன்னொரு வருத்தம் உண்டு. 'கற்பில் சிறந்தவள் கண்ணகியா மாதவியா' என்று எத்தனை கோயில் திருவிழாவில் மைக் பிடித்துக் கத்தினார்கள்! பூம்புகாரிலிருந்து கிளம்பிய அந்தக் கோவலனை மட்டும் ஒரு நடுவரும் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டதில்லை. நீங்களும் அதே வேலையைத்தான் செய்கிறீர்கள். நாயகன் ஹாச்சிமாக்கி வியாழனுக்குப் போகும் கப்பலில் இடம் பிடிப்பதற்காகப் பழகிய ஆட்களையெல்லாம் உதறுகிறான், மனம் இறுகுகிறான், ஒரு கட்டத்தில் மனிதனை நோக்கித் துப்பாக்கியையும் நீட்டுகிறான். அவனுடைய முடிவுகள் சரியா என்று ஒருவரும் சண்டை போடவில்லை, ஏனென்றால் அது 'கேரியர்'. வியாழன் திட்டத்தின் தலைவர் லாக்ஸ்மித் இருக்கிறாரே, அவருடைய இன்ஜின் சோதனையில் 300 பேருக்கு மேல் செத்தபோதும் அந்த மனிதருக்கு அடுத்த இன்ஜினைப் பற்றித்தான் கவலை. அந்தக் கதையில் உண்மையான லட்சியவாதி அவர்தான். ஆனால் அவர் லட்சியத்துக்குக் கோடிகள் ஒதுக்கியாகிவிட்டது, அதனால் அதன் பெயர் திட்டம். சம்பளம் குறைந்த பெண் ஒருத்தி ஓர் உயிரை விட மாட்டேன் என்றால் அது அசடு.

மன்னார்குடிக்காரர் நீங்கள் இதைக் கேட்டதுதான் எனக்கு ஆச்சரியம். 1940-களில் உங்கள் ஊரைச் சுற்றிப் பண்ணையாட்களுக்குச் சாட்டையடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் தண்டனை. அது இல்லாமல் விவசாயம் நடக்காது என்பதுதான் அன்றைய மிராசுதார் வீட்டுத் திண்ணைகளின் யதார்த்தம். தென் கன்னடத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்து, தமக்குப் பழக்கமில்லாத தமிழில் பேசி, சேரிகளில் தங்கி, அடித்தால் திருப்பி அடி என்று சொன்னார். அவரையும் ஊரில் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். சாட்டை போயிற்று, சாணிப்பால் போயிற்று, 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. வயலில் நெல் விளையாமல் போய்விடவில்லை. 1961-ல் மறைந்த அவருடைய நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது, உங்களுக்கு பஸ்ஸில் கொஞ்ச தூரம். நீங்கள் 2075-க்குப் போய் லட்சியவாதியைத் தேடுகிறீர்கள்.

அப்புறம், கடைசிப் பகுதியில் ஹாச்சிமாக்கியும் டனாபேயும் ஒரு சொல்லாட்டம் ஆடுவார்களே, கவனித்தீர்களா? ஒருவர் சொல்லும் வார்த்தையின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். அப்படியே தொடர்ந்து போய் 'கல்யாணம் பண்ணிக்கலாம்' என்று முடிப்பான். அந்தாதி பாடிய ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஐந்து பவுன் சித்தப்பாவைக் கூப்பிடாமலேயே பேசி முடித்துவிட்டார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

நடுவர் பதவி எனக்கு வேண்டாம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிப் பொன்னாடை வாங்கிக்கொண்டு கார் ஏறுவதற்குத் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். டனாபே அணியில் மூன்றாவது பேச்சாளர் இடம் காலியாக இருந்தால் வருகிறேன். அதைவிட, தலைப்பையே மாற்றுங்கள்: லாக்ஸ்மித்தா, ஹாச்சிமாக்கியா, இருவரில் யார் அதிக ஆபத்தானவர்? வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று இதழ் அச்சுக்குப் போகிறது.